அழித்தது அழிந்ததா?

சென்ற கோடை விடுமுறையில் வல்லத்திலுள்ள எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியை முதலில் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையே இருக்கும் எங்கள் ஊருக்கு என் அக்காள் மகள் வந்திருந்தாள். அவள் கையில் ஒரு பழைய மடிக்கணினி இருந்தது. அரசுப் பள்ளியில் மேல்நிலை வகுப்புப் படித்தபோது அரசு அவளுக்கு விலையின்றி வழங்கியது அது. தமிழ்நாட்டில் இத்திட்டம் 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் பல இலட்சம் மாணவ மாணவியர் அதனால் பயன் பெற்றனர். உங்கள் வீட்டிலும் அண்ணனோ அக்காளோ பெற்ற கணினி ஒன்று அலமாரியின் மேல்தட்டில் தூங்கிக்கொண்டிருக்கலாம்.

அவளுக்கு இப்போது வேலை கிடைத்துவிட்டது. புதிய கணினி வாங்கிவிட்டாள். பழையதை எங்கள் தெருக்கோடியில் பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பையனுக்குக் கொடுத்துவிட எண்ணினாள். நல்ல எண்ணந்தானே!

"எல்லாவற்றையும் அழித்துவிட்டேன், மாமா. ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தாயிற்று. உள்ளே ஒன்றுமே இல்லை" என்றாள்.

"அப்படியா அம்மா? உனக்குச் சம்மதமானால் நான் ஒரு சோதனை செய்து பார்க்கட்டுமா?" என்று கேட்டேன்.

அவள் சிரித்துக்கொண்டே தலையசைத்தாள். கணினியிலிருந்த ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, வேறொரு கணினியுடன் இணைத்து, எவரும் விலையின்றிப் பெறக்கூடிய ஒரு மீட்பு நிரலை ஓடவிட்டேன். பிறகு இருவரும் காப்பி குடித்தோம்; ஊர்க்கதை பேசினோம். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரையில் ஒரு நீண்ட பட்டியல் வந்து நின்றது.

அவளுடைய ஆதார் அட்டையின் நகல், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், வேலைக்கு எழுதிய விண்ணப்பங்கள், விடுதி அறையில் தோழிகளுடன் எடுத்துக்கொண்ட படங்கள். அத்தனையும் அழிக்கப்பட்டவை, அத்தனையும் அங்கேயே இருந்தன.

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "என்னுடையதாவது போகட்டும், மாமா. இதில் என் தோழிகளின் படங்களும் இருக்கின்றனவே! அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?" என்றாள். மேற்கொண்டு நான் பார்ப்பது முறையன்று என்பதால் கணினியை அவள் பக்கம் திருப்பிவைத்துவிட்டு எழுந்தேன்.

அழித்தவை எப்படி அழியாமல் இருந்தன? இதை அறிந்துகொள்ளக் கணினிக்குள் எழுத்து எவ்வாறு எழுதப்படுகிறது என்று நாம் பார்க்க வேண்டும்.

கல்லில் எழுத்து, காந்தத்தில் எழுத்து

விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் சாலையருகே மண்டகப்பட்டு என்னும் ஊர் இருக்கிறது. அங்கே பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக் கோயிலில் ஒரு கல்வெட்டு உண்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி இக்கோயிலை அமைத்ததாக அது கூறுகிறது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் ஆகியும் அதைப் படிக்க முடிகிறது. ஏன்? அங்கே எழுத்து என்பது கல்லின் மேல் பூசிய மையன்று. கல்லிலேயே செய்யப்பட்ட மாற்றம். அதை நீக்க வேண்டுமானால் அந்தக் கல்லின் முகத்தையே மறுபடியும் மாற்றியாக வேண்டும்.

ஹார்டு டிஸ்க்கில் எழுதுவதும் இத்தகையதே. அதனுள்ளே கண்ணாடிபோல் வழவழப்பான வட்டத் தட்டு ஒன்றோ பலவோ இருக்கும். அலுமினியத்தாலோ கண்ணாடியாலோ ஆன அத்தட்டின்மேல் கோபால்ட் கலந்த உலோகக் கலவை மிக மெல்லிய படலமாகப் பூசப்பட்டிருக்கும். இப்படலத்தின் ஒவ்வொரு நுண்ணிய பகுதியும் ஒரு குட்டிக் காந்தம். அக்காந்தங்கள் எந்தத் திசையை நோக்குகின்றன, எங்கே திசை மாறுகின்றன என்பதைக்கொண்டே 0, 1 என்னும் இரண்டு குறிகளும் எழுதப்படுகின்றன. உங்கள் புகைப்படமும் கடிதமும் பாட்டும் இவ்விரு குறிகளின் நீண்ட வரிசைகளே.

மடிக்கணினிகளில் பெரும்பாலும் இருந்த தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும். அதாவது வினாடிக்கு 90 சுற்று. தட்டின் விட்டம் ஏறத்தாழ 65 மில்லிமீட்டர் என்று கொண்டு விளிம்பின் வேகத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். மணிக்கு 66 கிலோமீட்டர் வரும்! திண்டிவனம் சாலையில் விரையும் பேருந்தின் வேகம் அது. அவ்வளவு வேகமாக ஓடும் தட்டின்மேல், சில நானோமீட்டர் இடைவெளியில், தொடாமல் மிதந்தபடியே எழுதுமுனை தன் வேலையைச் செய்கிறது.

மின்சாரம் நின்றாலும் அக்குட்டிக் காந்தங்கள் திசை மாறுவதில்லை. காந்தமாக்கிய பொருள் புறப்புலம் நீங்கிய பின்னும் தன் காந்தத்தன்மையை ஓரளவு தக்கவைத்துக்கொள்ளும் என்று இயற்பியல் பாடத்தில் படிப்பீர்கள். அந்தப் பண்புதான் இங்கே நம் நினைவகம்.

கூடத்துப் பதிவேடு

சரி, அவள் 'அழி' என்று கட்டளையிட்டபோது என்ன நடந்தது?

செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு அறுவடைக் காலத்தில் போயிருக்கிறீர்களா? நெல் மூட்டைகள் வரிசை வரிசையாகக் கிடக்கும். இவ்வளவு மூட்டைகளில் யாருடையது எங்கே என்று மூட்டை மூட்டையாகத் தேடிக்கொண்டிருக்க முடியுமா? ஆகவே ஒரு பதிவேடு வைத்திருப்பதாகக் கொள்வோம். 'இன்னாருடைய நாற்பது மூட்டை, மூன்றாம் வரிசை, வடக்கு மூலை' என்று அதில் ஒரு வரி இருக்கும்.

இப்போது அந்த ஒரு வரியை மட்டும் கோடிட்டு அடித்துவிட்டால் மூட்டைகள் மறைந்துவிடுமா? மாட்டா! அவை அதே வடக்கு மூலையில்தான் கிடக்கும். பதிவேட்டைப் பார்ப்பவர்கள் மட்டும் 'அந்த இடம் காலி' என்று எண்ணுவார்கள். புதிய நெல் வந்து, அந்த இடம் தேவைப்படும்போதுதான் பழைய மூட்டைகள் அகற்றப்படும்.

கணினியும் இப்படித்தான் செய்கிறது. ஒவ்வொரு கோப்பும் தட்டில் எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 'அழி' என்றதும் கோப்பை முதலில் ரீசைக்கிள் பின்னுக்கு மாற்றுகிறது. அதையும் காலி செய்தால், பட்டியலில் உள்ள குறிப்பை நீக்கி 'இவ்விடம் காலி' என்று எழுதிவைக்கிறது. தட்டிலுள்ள காந்தங்களை அது தொடுவதே இல்லை. ஏன் இந்தச் சோம்பல் என்று கேட்பீர்கள். இது சோம்பலன்று, சிக்கனம். ஒரு திரைப்படக் கோப்பை முழுவதும் துடைக்கப் பல வினாடிகள் ஆகும். குறிப்பை நீக்குவதோ இமைப்பொழுதில் முடியும்.

விரைவு ஃபார்மட் செய்தால்? பழைய பதிவேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிய வெற்றுப் பதிவேட்டைத் திறப்பதுதான் அது. மூட்டைகள் அப்போதும் கிடக்கும்.

மீட்பு நிரல் பதிவேட்டை நம்புவதில்லை. அது கூடத்துக்குள் நேரே நுழைந்து மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவருகிறது. அவை எவை என்று அதற்கு எப்படித் தெரியும்? பெரும்பாலான கோப்பு வகைகளுக்கு ஒரு தலைப்பு அடையாளம் உண்டு. ஜேபெக் வகைப் புகைப்படம் ஒவ்வொன்றும் 255, 216, 255 என்னும் மூன்று எண்களோடு தொடங்கும். பி.டி.எஃப். கோப்பு 37, 80, 68, 70 என்று தொடங்கும். இவ்வடையாளம் கண்ட இடத்திலிருந்து தொடர்ந்து படித்தால் படம் வெளிவந்துவிடும்!

இன்னொரு காரணமும் உண்டு. 1956-ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட உலகின் முதல் ஹார்டு டிஸ்க்கில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அவ்வளவு பெரிய எந்திரத்தில் 50 இலட்சம் எழுத்துகளே அடங்கின. அவள் கணினியில் இருந்ததோ 320 ஜிகாபைட். அதாவது 32,000 கோடி பைட்டுகள். இவ்வளவு பெரிய கூடத்தில் பழைய மூட்டைகள் கிடந்த மூலைக்குப் புதிய மூட்டை வந்து சேரப் பல ஆண்டுகள் ஆகலாம். வராமலே போனாலும் போகலாம்.

158 பழைய தட்டுகள்

இது எங்கள் வீட்டுத் திண்ணையில் மட்டும் நடந்த கதையன்று. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாத் என்னும் இருவர் பழைய பொருள் சந்தையில் 158 ஹார்டு டிஸ்க்குகளை வாங்கி ஆராய்ந்து, 2003-ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டனர். அவற்றில் 129 தட்டுகளைப் படிக்க முடிந்தது. முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை எத்தனை தெரியுமா? 12 மட்டுமே! பிறவற்றில் பலருடைய சொந்தக் கடிதங்களும் மருத்துவக் குறிப்புகளும் ஆயிரக்கணக்கான கடன் அட்டை எண்களும் கிடைத்தன. ஒரு தட்டு, பணம் வழங்கும் ஏ.டி.எம். எந்திரத்தில் இருந்தது. அதில் வாடிக்கையாளர்களின் கணக்கு எண்கள் அப்படியே இருந்தன. விற்றவர்களில் பலர் 'அழித்துவிட்டோம்' என்றே நம்பியிருப்பார்கள்.

நம் நாட்டில் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பிறருடைய தரவுகளைத் திரட்டி வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு அது கடமைகளை விதிக்கிறது. ஆனால் நம் வீட்டுக் கணினியில் நாமே சேர்த்துவைத்திருப்பதற்கு நாம்தாம் காவலர்.

உண்மையாக அழிப்பது எப்படி?

விடை எளிது. கூடத்தின் ஒவ்வோர் இடத்திலும் புதிய மூட்டையை வைத்துவிட வேண்டும். தட்டு முழுவதும் 0 என்ற குறியையோ, பொருளற்ற குறிகளையோ எழுதிவிட்டால் பழைய காந்தத் திசைகள் மாறிவிடும். இதற்கு மேலெழுதுதல் என்று பெயர். வினாடிக்கு 80 மெகாபைட் வீதம் எழுதினால் 320 ஜிகாபைட் தட்டுக்கு 4,000 வினாடி, அதாவது ஏறத்தாழ 67 நிமிடம் ஆகும். ஒரு திரைப்படத்தின் முதல் பாதியைப் பார்த்து முடிக்கும் நேரந்தான்!

எத்தனை முறை எழுத வேண்டும்? 1996-ஆம் ஆண்டு பீட்டர் குட்மன் என்னும் அறிஞர் ஒரு கட்டுரையில் 35 வகையான மேலெழுதல்களைக் கூறினார். அக்காலத்துப் பலவகைத் தட்டுகளை மனத்தில் கொண்டு தந்த பட்டியல் அது. பலர் அதைப் படித்துவிட்டு 'எந்தத் தட்டானாலும் 35 முறை' என்று பிடித்துக்கொண்டனர். இன்றைய அடர்த்தியான காந்தத் தட்டுகளுக்கு ஒரு முறை முழுமையாக எழுதினால் போதும் என்று அமெரிக்கத் தேசியத் தரநிலை நிறுவனம் 2006-ஆம் ஆண்டு வழிகாட்டி நூலிலேயே தெரிவித்தது.

விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் 'ரீசெட் திஸ் பிசி' என்னும் வசதி உண்டு. அதில் 'ரிமூவ் எவ்ரிதிங்' என்பதைத் தேர்ந்தெடுத்து, 'க்ளீன் டேட்டா' என்பதையும் இயக்கினால் துடைப்பு வேலையும் சேர்ந்து நடக்கும். பின்னதை மறந்தால் பதிவேடு மட்டுமே மாறும், நினைவிருக்கட்டும்! லினக்ஸில் 'ஷ்ரெட்' என்னும் கட்டளை இதே வேலையைச் செய்யும்.

'பள்ளிச் சோதனைக்கூடத்துச் சட்டக் காந்தத்தை மேலே தேய்த்தால் போதாதா?' என்று ஒரு மாணவர் என்னைக் கேட்டார். போதாது. ஹார்டு டிஸ்க்குக்குள்ளேயே எழுதுமுனையின் கையை அசைப்பதற்காக வலிமையான நியோடிமியக் காந்தங்கள் இருக்கின்றன. அவை அருகிலிருந்தும் எழுத்து கெடுவதில்லை என்றால், சட்டக் காந்தம் என்ன செய்துவிடும்? சுத்தியலால் உடைக்கலாம் என்றும் புறப்பட்டுவிடாதீர்கள். கண்ணாடித் தட்டானால் கூரிய சில்லுகளாகத் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். மேலும், உடைத்த கணினி அந்தப் பிளஸ் ஒன் பையனுக்கு எப்படிப் பயன்படும்?

சுழலாத தட்டு

இப்போது வரும் மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் சுழலும் தட்டே இல்லை. அதற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. என்னும் சில்லு நினைவகம் இருக்கிறது. பென் டிரைவிலும் கைப்பேசியிலும் இருப்பது இதே இனம். இங்கே எழுத்து காந்தமாக அன்றி, நுண்ணிய அறைகளில் சிறைப்பட்ட மின்னூட்டமாக இருக்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இந்த அறைகளை ஓர் அளவு முறைதான் அழித்து எழுத முடியும், பிறகு தேய்ந்துவிடும். ஆகவே உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு, ஒரே அறையில் திரும்பத் திரும்ப எழுதாமல் எல்லா அறைகளுக்கும் வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. நீங்கள் பழைய கோப்பின் 'மேலே' எழுதச் சொன்னால், அது புதியதை வேறோர் அறையில் வைத்துவிட்டுப் பழையதைச் சிறிது காலம் அப்படியே விட்டுவைக்கக்கூடும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாக ஆராய்ச்சியாளர்கள் 2011-ஆம் ஆண்டு இதைச் சோதித்தனர். தனிக் கோப்புகளை மேலெழுதி அழிக்கும் முறைகள் சில்லு நினைவகத்தில் நம்பத்தக்கவை அல்ல என்று கண்டனர்.

அப்படியானால் வழி? இரண்டு உண்டு. முதலாவது, சில்லு நினைவகத்தைச் செய்த நிறுவனமே அதனுள் வைத்திருக்கும் முழு அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்துவது. இரண்டாவது இன்னும் அழகானது. முதல் நாளிலிருந்தே எல்லாவற்றையும் மறையெழுத்தாக எழுதிவைப்பது. அதைப் படிக்க ஒரு திறவுகோல் எண் வேண்டும். கொடுக்கும் நாளில் அந்த எண்ணை மட்டும் அழித்தால் போதும். எழுத்து அங்கேயே கிடக்கும்; ஆனால் படிக்க எவராலும் இயலாது. இக்காலத்துக் கைப்பேசிகள் இவ்வாறே செய்கின்றன. ஃபேக்டரி ரீசெட் கொடுக்கும்போது திறவுகோல் தொலைக்கப்படுகிறது. அதற்கு முன்பு உங்கள் கூகுள் கணக்கிலிருந்து வெளியேறிவிடுங்கள். சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிடுங்கள். மறந்துபோன மெமரி கார்டால் வரும் தொல்லைகள் பல.

நீங்களே செய்து பாருங்கள்

உங்களுடைய பழைய பென் டிரைவ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பூ, இலை, பூனை ஆகியவற்றின் படங்களை ஏற்றி, பிறகு அழித்துவிடுங்கள். ஆசிரியரின் துணையோடு 'போட்டோரெக்' போன்ற ஒரு மீட்பு நிரலை ஓடவிடுங்கள். மீட்ட படங்களைப் பென் டிரைவில் அன்றி, கணினியிலேயே சேமிக்க வேண்டும். பூனை திரும்பி வந்ததா? அடுத்து, பென் டிரைவில் இடமே இல்லாதபடி பெரிய கோப்புகளால் நிரப்பி, அவற்றையும் அழித்துவிட்டு, மறுபடி மீட்டுப் பாருங்கள். இப்போது பூனை வருகிறதா? இரண்டு விடைகளையும் குறிப்பேட்டில் எழுதி ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: பிறருடைய கருவியில் அவர் சம்மதமின்றி இச்சோதனையைச் செய்தல் கூடாது.

இன்னொன்றும் உங்களுக்குப் பயன்படும். சான்றிதழுக்காக வெளியிடத்துக் கணினியில் ஆதார் நகலைப் பதிவிறக்கி அச்செடுக்கிறோம் அல்லவா? தாளை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். நகலோ 'டவுன்லோட்ஸ்' பெட்டியிலேயே இருந்துவிடுகிறது. எழுந்து வருமுன் அதை நீக்கச் செய்து, உங்கள் கணக்கிலிருந்தும் வெளியேறிவிடுங்கள். முழுத் துடைப்பு ஆகாவிட்டாலும், அடுத்து உட்காருபவர் கண்ணிலாவது படாது.

திண்ணைக்குத் திரும்புவோம்

அன்று நான் எழுந்துபோய்ச் சிறிது நேரம் கழித்துத் திரும்பினேன். அக்காள் மகள் திரையைப் பார்த்தபடி அசையாமல் இருந்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. மீண்டுவந்த படங்களில் ஒன்று, செஞ்சிக் கோட்டையில் இராஜகிரி மலையடிவாரத்தில் அவள் தந்தை நிற்கும் படம். அவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் படத்தை எப்போதோ தவறுதலாக அழித்துவிட்டு, போய்விட்டது என்றே அவள் எண்ணியிருந்தாளாம்.

"மாமா, துடைப்பதற்கு முன்னால் இதை மட்டும்..." என்றாள்.

"முதலில் அதைத்தான் செய்ய வேண்டும், அம்மா" என்றேன். வேண்டியவற்றை இரண்டு இடங்களில் படியெடுத்தோம். படி சரியாகத் திறக்கிறதா என்று ஒவ்வொன்றையும் பார்த்தோம். அதன் பிறகே மேலெழுதத் தொடங்கினோம். அந்தப் படம் கிடைத்தது தற்செயல்தான். அந்த மூலைக்குப் புதிய மூட்டை ஒன்று வந்திருந்தால் அது என்றைக்குமாகப் போயிருக்கும். 'அழித்தாலும் மீட்டுக்கொள்ளலாம்' என்று நம்பியிருப்பதும் 'அழித்தால் அழிந்துவிடும்' என்று நம்பியிருப்பதைப் போன்ற தவறே.

மாலையில் மீட்பு நிரலை மறுபடியும் ஓடவிட்டோம். இம்முறை பட்டியல் வெறுமையாக இருந்தது. லினக்ஸைப் புதிதாக ஏற்றினோம். இருட்டுவதற்குள் அவளே கணினியைத் தெருக்கோடி வீட்டுக்கு எடுத்துச் சென்றாள்.

"தம்பி, இது இனி உன்னுடையது. நீ யாருக்காவது கொடுக்கும் நாள் வந்தால் மாமாவிடம் ஒரு முறை கேட்டுவிட்டுக் கொடு" என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது.